ஒரு சஹன் சோறு

"சஹன் எண்டால் பீங்கான்தானே?" என்று கேட்டார் முத்துலிங்கம்.

தொட்டிக்குள் தினமும் என்னென்ன போடுகிறீர்கள் என்று அவர் கேட்டதற்கு, பலாத்தோல், வாழைத்தண்டு, வெட்டின புல், ஒரு சஹன் சோறு என்று வீட்டுக்காரி மஸீனா பதில் சொல்லியிருந்தாள். கடைசி அயிட்டத்தில்தான் அவருடைய பேனா நின்றுவிட்டது. யாழ்ப்பாணத்துக்காரர், எரிவாயுத் தொட்டி பூட்டிக்கொடுக்கும் நிறுவனத்தின் கண்டிக் கிளைக்கு மாற்றலாகி வந்து மூன்று மாதந்தான் ஆகிறது.

"ஆமா சார், தட்டுதான்" என்றாள் அதே கிளையில் அவருக்குக் கீழே வேலை செய்யும் நிலூஷா. மஸீனா முக்காட்டைச் சரிசெய்துகொண்டாள்.

இவ்வளவு பெரிய தொட்டிக்கு ஒரு தட்டுச் சோறு யானைப் பசிக்குச் சோளப்பொரி. அதனால் ஒன்றும் கெட்டிருக்காது என்று முத்துலிங்கம் முடிவு கட்டினார். இலையும் தோலும் மூடிய தொட்டிக்குள் மக்கி, குழாய் வழியாக அடுப்புக்கு எரிவாயு தர வேண்டும். மடவளையில் இவர்கள் பூட்டிக்கொடுத்த மற்ற வீடுகளில் ஒழுங்காகத்தான் தருகிறது. இந்த வீட்டில் மட்டும் மாதத்துக்கு இரண்டு தரம் தொட்டி புளித்துப்போய் அடுப்பு அணைந்துவிடும். ஐந்து மாதத்தில் இது ஒன்பதாவது முறைப்பாடு. ஒவ்வொரு தரமும் நிலூஷாதான் வந்து சுண்ணாம்பு கரைத்து ஊற்றி, சாணம் போட்டு அதை மறுபடி உயிர்ப்பித்துவிட்டுப் போவாள்.

"காரணம் பிடிபடேல்லை. கழட்டிக்கொண்டு போவம். வேற வீட்டுக்காவது உதவும்" என்றார் முத்துலிங்கம்.

மஸீனாவின் முகம் விழுந்துவிட்டது. கணவர் மஹ்ரூப் மௌத்தாகி, அடக்கம் செய்து நான்கு வருடம். பிள்ளைகள் நால்வரில் இருவர் கட்டாரில், இருவர் கொழும்பில். ஃபோன் தவறாமல் வரும், ஆள்தான் வருவதில்லை. ஆறு பேர் புழங்கிய வீட்டில் இப்போது அவள் ஒருத்தி.

"கழட்ட வாணாம் சேர்" என்றாள். "இந்த ஊட்டுல நான் ஆக்குறத வாணான்டு சொல்லாம திங்கிறது அது ஒண்டுதான்."

முத்துலிங்கம் முறைப்பாட்டுத் தாளைத் திருப்பிப் பார்த்தார். அந்த இடைவெளியில் நிலூஷா புகுந்தாள். வருடக் கடைசி வரை தவணை கொடுங்கள், சனிக்கிழமை தோறும் நானே வந்து பார்க்கிறேன், ஆபீஸ் வாகனம்கூட வேண்டாம், பஸ்ஸில் வந்துவிடுவேன் என்றாள்.

"சனிக்கிழமை உமக்கு லீவெல்லோ? வேற வேலை இல்லையோ?"

"இல்ல சார்" என்றாள். அது சத்தியமான உண்மை.

அவளையே பொறுப்பாளியாக எழுதிக் கையெழுத்து வாங்கிக்கொண்டு அவர் கிளம்பினார். மடவளைச் சந்தியில் பஸ் எடுத்துக்கொள்கிறேன் என்று நிலூஷா பின்தங்கினாள்.

அவருடைய வாகனம் வளைவில் மறைந்ததும் மஸீனா பாயை விரித்துச் சஹனைக் கொண்டுவந்து வைத்தாள். ஆறு பேர் சுற்றி உட்கார்ந்து ஒன்றாகச் சாப்பிடும் பெரிய தாம்பாளம் அது. ஆறு பேருக்கு ஆக்கிப் பழகிய கைக்கு இன்னும் குறைத்து ஆக்க வரவில்லை. இரண்டு பேரும் எதிரெதிரே உட்கார்ந்து, அவரவர் பக்கத்துச் சோற்றைப் பிசைந்து சாப்பிட்டார்கள். மற்ற நாலு பக்கமும் கை படாமல் கிடந்தது. அத்தனையும் பின்னேரம் தொட்டிக்குள் போகும். நிலூஷா வராத நாட்களில் அஞ்சு பக்கம்.

அவ்வளவு சோறு எந்தத் தொட்டியையும் புளிக்க வைத்துவிடும். முதல் நாள் மூடியைத் திறந்தபோதே நிலூஷாவுக்கு அது விளங்கிவிட்டது. சோறு போடாதீர்கள் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், அடுப்பு ஒழுங்காக எரியும். அப்புறம் முறைப்பாடும் வராது, அவள் இங்கே வரவும் வேண்டியிருக்காது. கண்டி மஹய்யாவ பகுதியில் அவள் தனியாக இருக்கும் வாடகை அறையில், சாப்பிட்டாயா என்று அவளைக் கேட்க ஆளில்லை. அதனால் ஐந்து மாதமாக அந்த வார்த்தையை விழுங்கிக்கொண்டிருந்தாள். இன்று சஹனைத் தட்டு என்று மேலதிகாரியிடம் பொய்யும் சொல்லியாயிற்று. பிசைந்த சோற்றைச் சஹனிலேயே வைத்தாள்.

"ஆன்ட்டி, சோறு கொட்டுறதாலதான் தொட்டி புளிக்குது" என்றாள் தலையைக் குனிந்தபடி. "எனக்கு மொத நாளே தெரியும். வேணும்னுதான் சொல்லல."

மஸீனா ஒரு இறைச்சித் துண்டை எடுத்து அவள் பக்கம் வைத்தாள்.

"எனக்கும் தெரியும் மகள். தொட்டி பூட்ட வந்தவங்களே சொன்னாங்க, சோறு மட்டும் போட வாணான்டு" என்றாள். "போடாம உட்டா நீங்க எதுக்கு வரப்போறீங்க?"