பதினெட்டு நாள் பூக்கும் நெல்

விவசாயி பூரணி சோதனைக்குக் கொடுத்த நெல் ஏன் சேர்ந்து பூப்பதில்லை என்பது சோதனைப் பண்ணை அலுவலர் அந்தோணிராஜுக்கு மூன்று பருவமாகப் பிடிபடவில்லை. மண்ணும் தண்ணீரும் ஒன்றுதான், நாற்று நட்டதும் ஒரே நாளில்தான். ஆனாலும் பாத்தி முழுதும் பூத்து முடியப் பதினெட்டு நாள் ஆனது. ஒரு ரகம் என்றால் ஐந்து நாளுக்குள் பூத்துவிட வேண்டும். இல்லாவிட்டால் பதிவெண் கிடையாது; பதிவெண் இல்லாத பயிருக்கு வாய்க்கால் மடை திறக்காது.

"ஒண்ணாப் பூத்தா ஒரே மழையில எல்லாம் பதராப் போயிரும் சார். முன்னபின்ன பூக்குறதாலதான் நாங்க சோறு திங்கிறோம்" என்றாள் பூரணி.

பூவின் மகரந்தத்தை மழை கழுவிவிடும், பூக்காத கதிர் தப்பிக்கும். அவருக்கு இப்போதுதான் விளங்கியது.

"எனக்குப் புரியுதும்மா. மடைக்குப் புரியணுமே."

"வேணும்னா மடைகிட்ட நான் பேசிப் பாக்கட்டுமா?"

அவர் சிரிக்கவில்லை. கதிர்களைப் பூத்த தேதிப்படி, ஐந்தைந்து நாளாக, மூன்று கட்டாகப் பிரித்தார். ஒருவருக்கு மூன்று பதிவெண்தான். கடைசி மூன்று நாளில் பூத்தவை மிஞ்சின.

"போன வருஷ மழையில தப்பிச்சது இதுதான் சார்."

"விதைக்க முடியாதும்மா."

"சரி, பொங்கித் திங்கிறோம்."

அடுத்த பருவம் பூரணி தன் வயலில் குறுக்கே இரண்டு வரப்பு போட்டாள். மூன்று துண்டுக்கும் மூன்று பதிவெண். மூன்றுக்கும் மடை திறந்தது.