யார் பேரும் இல்லாத வரி

“இதுல என் பேரு இருக்காம்மா?”

ரத்த வங்கியில் தரை துடைக்கும் அக்கா காகிதத்தைக் கண்ணுக்கு மிக அருகில் வைத்துப் பார்த்தார். அவருக்கு ஆங்கிலம் தெரியாது.

“இல்லக்கா. யார் பேரும் இல்ல.”

பொய் இல்லை. மொத்தம் ஐந்தே சொற்கள். தி டோர் வாஸ் லெஃப்ட் ஓப்பன். கதவு திறந்து விடப்பட்டிருந்தது. அதற்குக் கீழே தேதி, நேரம், கெட்டுப்போன ரத்தப் பைகளின் எண்ணிக்கை. நாற்பத்திரண்டு.

எழுதியது நான்.

எங்கள் பிரிவில் யாரும் எதையும் செய்வதில்லை. எல்லாம் செய்யப்படுகின்றன. வாசலில், காலணிகள் வெளியே விடப்பட வேண்டும். கவுன்ட்டரில், விண்ணப்பங்கள் பத்து மணி முதல் பெற்றுக்கொள்ளப்படும். ரத்தம் வைக்கும் பெரிய ஃபிரிட்ஜின் அலாரம் பழுதாகி ஒரு மாதம். நச்சரித்துக் கேட்டால், கோரிக்கை பரிசீலிக்கப்படுகிறது.

அத்தனை ஆங்கில அறிவிப்புகளும் என் கைவண்ணம்தான். இங்கே நான் டெக்னீஷியன். ஆனால் இங்கிலீஷில் ஒரு வரி வேண்டுமென்றால் எல்லோரும் என் மேஜைக்குத்தான் வருவார்கள். எனக்கும் அதில் ஒரு பெருமை.

செயப்பாட்டு வினையில் பள்ளியில் எனக்கு முழு மதிப்பெண். செய்தவரை வரியின் கடைசிக்குத் தள்ள வேண்டும். யாரென்று தெரியாவிட்டால் விட்டுவிடலாம் என்று இலக்கணப் புத்தகத்தில் போட்டிருந்தது. யாரென்று நன்றாகத் தெரிந்தால் என்ன செய்வது என்று அதில் இல்லை.

ஃபிரிட்ஜ் கதவு திறந்து கிடந்த அன்று காலை இரண்டு அறுவை சிகிச்சைகள் தள்ளிப்போயின. ஒரு நோயாளியின் கணவர் கவுன்ட்டருக்கு வந்து ஏன் என்று கேட்டார். கையில் மனைவியின் செருப்பை வைத்திருந்தார்.

“ரத்தம் வீணாயிடுச்சுங்க” என்றேன்.

அவர் தலையாட்டிவிட்டுப் போனார். ஏதோ மழை பெய்துவிட்டது என்று சொன்னதுபோல.

நான் எழுதிய அறிக்கையைப் பிரிவுத் தலைவர் இரண்டு முறை படித்தார். “நீட்டா இருக்கும்மா. யாரையும் குத்தல” என்றார். பிறகு, கதவு திறந்து கிடந்ததை முதலில் பார்த்தவர் என்ற முறையில் அக்காவிடம் ஒரு கையெழுத்து மட்டும் வாங்கிவிடச் சொன்னார்.

அறிக்கை எழுதுகிறவர் பெயர் போடும் வழக்கம் எங்களிடம் இல்லை. ஆகவே அந்த ஐந்து சொற்களுக்குக் கீழே அக்காவின் பெயர் ஒன்றுதான் இருக்கும். மேலிடத்தில் அதைப் படிக்கிறவர்களுக்கு இலக்கணம் பார்க்க நேரம் இருக்காது. கதவு, கீழே ஒரு பெயர், அது ஒப்பந்தத்தில் வேலை பார்க்கும் ஒருத்தியின் பெயர். அடுத்த வாரம் துடைப்பத்தோடு வேறு யாராவது வருவார்கள்.

இது புரிந்தேதான் காகிதத்தை அவரிடம் நீட்டியிருந்தேன்.

அக்கா சீருடையில் கையைத் துடைத்துக்கொண்டார். பேனாவை இறுக்கிப் பிடித்து, ஒவ்வொரு எழுத்துக்கும் மூச்சை அடக்கி, பெயரை எழுதி முடித்தார். கடைசியில் ஒரு புள்ளி வைத்தார். என்னிடம் நீட்டினார்.

நான் அதைக் கோப்பில் வைக்கப் போனேன்.

“அன்னைக்கு உங்களுக்கு ஒடம்புக்கு ஏதும் இல்லையேம்மா?”

“என்னைக்கு?”

அக்கா அறை வாசல் பக்கம் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

“அதுக்கு மொத நாளு. சாயங்காலம். போன் பேசிட்டே உள்ள இருந்து வந்தீங்க, கண்ணெல்லாம் செவந்து கெடந்துச்சு. கூப்பிடலாமான்னு பாத்தேன். மனசு வரல. உங்களுக்கப்புறம் யாரும் உள்ள போகல. காலைல வந்து பாத்தா இப்படி.”

பதவி உயர்வுத் தேர்வில் மூன்றாம் முறையாகத் தோற்றுவிட்டேன் என்ற செய்தி அன்று மாலைதான் வந்தது. உள்ளே ஃபிரிட்ஜைத் திறந்து வைத்துக்கொண்டு நின்றிருந்தேன். அழுகை வந்ததும் வெளியே வந்துவிட்டேன். அவ்வளவுதான் நடந்தது. இதற்குப் பெரிய காரணம் எதுவும் இல்லை.

“இதை யார்கிட்டயாவது சொன்னீங்களாக்கா?”

“பெரியவரு கூப்பிட்டுக் கேட்டாரு. கதவு தெறந்து கெடந்துச்சுன்னு மட்டும் சொன்னேன். யாருன்னு கேட்டாரு. தெரியலைங்கன்னுட்டேன்.” அக்கா லேசாகச் சிரித்தார். “உங்களுக்கு இன்னும் எவ்வளவு வருஷம் இருக்கு இங்க.”

என் காது மடல்கள் சுட்டன. ஃபிரிட்ஜின் மோட்டார் ஓடும் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது.

நான் ஐந்து சொற்களில் சொன்னதைத்தான் அக்காவும் சொல்லியிருந்தார். கதவு திறந்து கிடந்தது. அவரும் ஆளை விட்டுவிட்டார். அவர் விட்டது என்னை.

அக்காவை உட்காரச் சொன்னேன். என் முன்னால் ஒருபோதும் உட்காராதவர், நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தார்.

கையெழுத்துப் போட்ட காகிதத்தை நான்காகக் கிழித்தேன். புதிய தாள் எடுத்தேன். வரியின் தொடக்கத்தில் ‘ஐ’ என்ற ஒற்றை எழுத்தைப் போட எவ்வளவு நேரம் பிடித்தது என்று சொல்ல வெட்கமாக இருக்கிறது. மீதி தானாக வந்தது. அடியில் என் பெயரை எழுதினேன்.

அக்கா பேனாவுக்குக் கை நீட்டினார்.

“நீங்க போட வேண்டாம்க்கா.”

நீட்டிய கை அப்படியே நின்றது. கிழிந்த துண்டுகளையும் என் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு நாற்காலியிலிருந்து எழுந்துகொண்டார்.

“ஏம்மா, நான் எதாவது தப்பா பேசிட்டேனா?”