வலது கை

ஒப்பந்தத்தில் எல்லாம் முடிந்து, கைகுலுக்கல் ஒன்றுதான் பாக்கி. தளபதிகள் இருவரும் கைகுலுக்கிய பிறகே பீரங்கிகள் நிற்கும் என்று எழுதியிருந்தார்கள். வடக்குத் தளபதியின் வலது கை இந்தப் போரில்தான் போயிருந்தது. அவர் பெருந்தன்மையோடு இடது கையை நீட்டினார். தெற்குத் தளபதி நாற்காலியைப் பின்னுக்குத் தள்ளிவிட்டு எழுந்தார்.

"பீச்சாங்கைய நீட்டுறாரு. இதைப் புடிச்சுட்டு நான் ஊருக்குள்ள எப்படித் தலை காட்டுறது?"

மொழிபெயர்ப்பாளர் மரகதவல்லி இதை நாசூக்காக்கி வடக்குத் தளபதியிடம் சொன்னாள்.

"வலது கைதான் வேணுமாமா? அதை எடுத்தது அவங்க ஆளுங்கதானே. தேடிக் கொண்டாந்து தரச் சொல்லும்மா."

இதை நாசூக்காக்க அவளாலும் முடியவில்லை. 'கை விவகாரத் துணைக்குழு' அமைக்கப்பட்டது. அதற்கு யார் தலைவர் என்பதிலேயே ஒரு வாரம் போனது. கடைசியில் வெளிநாட்டிலிருந்து செயற்கைக் கை வரவழைப்பதென்று தீர்மானித்தார்கள். மரகதவல்லி தினமும் துறைமுகத்துக்கு ஃபோன் போட்டுக் கப்பலை விசாரித்தாள். எல்லையில் பதுங்குகுழியிலிருந்து அவள் மகன் அவளுக்கு ஃபோன் போட்டு, "கை வந்துருச்சாம்மா?" என்று கேட்பான்.

கை வந்தது. தளபதிகள் குலுக்கினார்கள். படம் சரியாக விழவில்லை என்றதும் இன்னொரு முறை குலுக்கினார்கள். மண்டபமே எழுந்து நின்று கைதட்டியது. தெற்குத் தளபதி பிடித்த கையை விடாமல் சிரித்தார்.

"என்னய்யா, கை இப்படிச் சில்லுனு இருக்கு?"

எல்லோரும் மரகதவல்லியைப் பார்த்தார்கள். முந்தாநாளிலிருந்து மகன் அழைக்காத ஃபோனைக் கைக்குள் பொத்திக்கொண்டு, அந்தச் சின்ன வாக்கியத்துக்கு அவள் சொல் தேடிக்கொண்டிருந்தாள்.