கத்தி படாத பிள்ளை

"ஒரு நாளைக் குறிச்சுக் குடுங்க டாக்டரம்மா. அன்னிக்கு வேலைக்கு லீவு சொல்லிட்டுக் குழந்தையைக் கொண்டாந்துடுறேன்."

சிமெண்ட் அப்பிய பேண்ட்டோடு நாற்காலியில் உட்காரக் கூசி, நின்றபடியே பேசினார் கொத்தனார். பக்கத்தில் அவர் மனைவி, பிறந்து ஒரு மாதமான குழந்தையை மடியில் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"ஆபரேஷன் கிடையாது," என்றார் டாக்டர். "குழந்தை நல்லா பால் குடிக்குது. மூத்திரம் தடையில்லாமப் போகுது. உறுப்பைப் பார்த்து ஆணுன்னோ பொண்ணுன்னோ சொல்ல முடியல, அவ்வளவுதான். அது நோயில்ல. உயிருக்கு ஆபத்துன்னா ஒழிய இந்த வயசுல கத்தி வைக்கக் கூடாதுன்னு இப்ப சட்டமே வந்திருச்சு. வெச்சா நான் கம்பி எண்ணணும்."

"சின்னதுலயே செஞ்சுட்டா வலி தெரியாது, ஞாபகமும் இருக்காதாம்."

"யாரு சொன்னா?"

கொத்தனார் தரையைப் பார்த்தார். "சொன்னாங்க."

"நேத்துலேருந்து இதே பாட்டுதான்," என்றாள் மனைவி. "சுவரு கோணினா இடிச்சுக் கட்டுவாரே, அந்த நெனப்பு. பிள்ளை என்ன செங்கல்லா?"

"நீ வாயை மூடுடி!"

டாக்டர் முறைத்ததும் கொத்தனார் குரலைத் தணித்துக்கொண்டார். "உங்க காலைப் பிடிச்சுக் கேக்குறேன் டாக்டரம்மா. சட்டத்துல எங்கேயாவது ஒரு சந்து பொந்து இருக்கும்..."

"ஊரு சிரிக்கும்னு பயப்படுறீங்க."

"ஊரு கிடக்குது, விடுங்க."

"அப்புறம் என்ன? வளரட்டும். தனக்கு என்ன வேணும்னு அதுவே சொல்லட்டும். இன்னிக்கு வெட்டிட்டு, நாளைக்கு 'என்னைக் கேக்காம ஏம்ப்பா வெட்டினீங்க'ன்னு கேட்டா என்ன சொல்லுவீங்க?"

 கதவு சாத்தியிருக்கிறதா என்று கொத்தனார் திரும்பிப் பார்த்தார். குரல் பாதியாகிவிட்டது.

"கேட்டாச்சு டாக்டரம்மா. வெளியே பெஞ்சுல உட்காந்திருக்காளே எங்க பெரியவ, அவ கேட்டுட்டா. அவளுக்கும் இப்படித்தான் இருந்துச்சு. கைக்குழந்தையா இருக்கும்போதே செஞ்சுட்டோம். 'செய்யலேன்னா நீ பொழைச்சிருக்க மாட்டே'ன்னு சொல்லி வெச்சிருக்கேன். இப்ப இதை அப்படியே வீட்டுக்குத் தூக்கிட்டுப் போயி, இது பாட்டுக்கு நல்லா வளர்ந்துச்சுன்னா... அவ மூஞ்சியில நான் எப்படி முழிக்கிறது?"