முடிச்சுக்காட்டு

"என் மவுஸ் எங்கடா?"

அக்கா போட்ட சத்தத்தில் அடுப்படியிலிருந்து அம்மா கரண்டியோடு ஓடி வந்தாள்.

சோபாவில் மல்லாந்து கிடந்த தம்பி ஒரு கண்ணை மட்டும் திறந்தான்.

"மொட்டை மாடியில."

"மொட்டை மாடிக்கு அது எப்படிப் போச்சு?"

"நான்தான் கொண்டுபோய் வெச்சேன். பாவம், நாள் முழுக்க உன் கைக்குள்ளேயே புழுங்குது. கொஞ்சம் காத்து வாங்கட்டுமேன்னு."

அக்காவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. முந்தாநாள் அவளுடைய மூக்குக்கண்ணாடி தெருக்கோடித் தையல் கடையில் இருந்தது. நேற்று லேப்டாப் சார்ஜர் பூங்கா வாட்ச்மேனிடம். இன்றைக்கு இது. வீடு இருப்பதோ தரைத்தளம். மொட்டை மாடிக்கு மூன்று மாடி ஏறவேண்டும். லிஃப்ட் பல நாளாகப் படுத்த படுக்கை.

"நீ உருப்படவே மாட்டியாடா?"

"உருப்படத்தானே உன் ஆப்பை வெச்சிருக்கேன்."

அதுதான் கொடுமை. இளவட்டங்கள் நினைத்ததைச் சாதிக்க உதவும் மொபைல் ஆப் ஒன்றை வடிவமைப்பதுதான் அக்காவின் வேலை. பெயர் 'முடிச்சுக்காட்டு'. எடை குறைக்கணும், வேலை தேடணும், கோபத்தை விடணும் என்று எந்த இலக்கை எழுதி வைத்தாலும், முடிக்கும்வரை நச்சரிக்கும். முடித்துவிட்டுப் பொத்தானை அமுக்கினால், அந்த இலக்கை உரக்கப் படித்து வாழ்த்தும். குரலுக்கென்று தனியாக ஆள் வைக்கக் கம்பெனிக்கு மனசு வராததால், குரலும் அக்காவுடையதே.

சோதித்துப் பார்க்க வீட்டிலேயே ஓர் ஆள் இருக்கிறானே என்று, படிப்பை முடித்துவிட்டுச் சோபாவில் வேலை தேடிக்கொண்டிருந்த தம்பியின் போனில் அதை ஏற்றிக் கொடுத்திருந்தாள்.

தம்பி நெஞ்சின் மேல் கிடந்த போனைத் தட்டினான்.

"வாழ்த்துகள்!" என்றது அக்காவின் குரல், தேன் ஒழுக. "சாப்பிட்டதும் ஒரு குட்டித் தூக்கம் போடுதல். இலக்கு நிறைவேறியது!"

"இதெல்லாம் ஒரு இலக்காடா?"

"கத்தாதேக்கா. இதுக்குள்ள நீ எவ்வளவு அன்பா பேசறே! நேர்லதான் இப்படி."

அம்மா கரண்டியை இருவருக்கும் பொதுவாக நீட்டினாள்.

"சாயங்காலம் மேனேஜர் கூப்பிடறாங்களாம்டா. இன்னிக்கு ஒரு நாளாவது அடங்கிக் கிட."

"சரிம்மா."

அந்த 'சரி'யை நம்பி, முணுமுணுத்துக்கொண்டே அக்கா மாடியேறினாள்.

சாயங்காலம் வீடியோ அழைப்பில் மேனேஜரம்மா சிரிக்கவே இல்லை.

"சுத்தி வளைக்க வேண்டாம். உங்க ஆப்பால உருப்பட்ட ஒரே ஒரு ஜீவனைக் காட்டுங்க. இல்லேன்னா இன்னியோட இதை இழுத்து மூடிடலாம்."

அக்காவின் ஒரு வருஷத்து உழைப்பு. வேறு வழி தெரியவில்லை.

"என் தம்பியையே காட்டறேன் மேடம்."

போனும் கையுமாக அவள் எழுந்ததுதான் தாமதம். சோபாவிலிருந்து பாய்ந்து வந்த தம்பி, அவளுடைய சுழல் நாற்காலியைக் கடகடவென்று வாசல் வழியாகத் தெருவுக்கு உருட்டிக்கொண்டு ஓடினான்.

"டேய்! மேனேஜர் லைன்ல இருக்காங்கடா!"

"அவங்களையும் கூட்டிக்கிட்டு வா!"

அக்கா துரத்தினாள். ஆட்டம் போட்ட போனில் மேனேஜரம்மாவுக்கு ஆகாயம், மின்கம்பம், அக்காவின் மூக்குத் துவாரம் எல்லாம் மாறி மாறித் தெரிந்தன.

"என்ன நடக்குது அங்கே?"

"டெமோ மேடம்!"

தையல்காரர் கழுத்தில் அளவு நாடாவோடு வெளியே வந்து, "யாருக்கு உடம்பு சரியில்லை? நாற்காலி போதுமா, ஆட்டோ கூப்பிடவா?" என்று பதறினார். விஷயம் என்னவென்றே தெரியாமல் ஒரு நாயும் கூடவே ஓடியது.

பூங்காவை இரண்டாவது சுற்றுச் சுற்றும்போதுதான் தம்பியின் சட்டைக் காலர் அக்காவின் கையில் சிக்கியது. மேல்மூச்சு கீழ்மூச்சு வாங்கியது அவளுக்கு. கோபமாகத்தான் வாயைத் திறந்தாள். வந்ததென்னவோ அழுகை.

"என் பொழப்புல மண்ணள்ளிப் போட்டுட்டியேடா! அப்படி நான் உனக்கு என்ன கெடுதல் பண்ணேன்?"



"மன்னிச்சுக்குங்க மேடம்" என்றாள் போனைப் பார்த்து. "நீங்க மூடிடுங்க. இவனும் உருப்பட மாட்டான், என் ஆப்பும் உருப்படாது."

மேனேஜரம்மாவின் முகம் இன்னும் இறுகியது.

"தம்பி, கூடப் பிறந்தவ மேல இவ்வளவு பகை ஆகாதுப்பா. எதுக்கு இப்படியெல்லாம் பண்றே?"

தம்பி நாற்காலியை அக்காவின் பக்கம் தள்ளி, உட்காரும்படி கையைக் காட்டினான். பிறகு பாக்கெட்டிலிருந்து போனை எடுத்துப் பொத்தானை அமுக்கினான்.

"வாழ்த்துகள்!" என்றது அக்காவின் குரல். "டாக்டர் தலைதலையாக அடித்துக்கொண்டும் நாற்காலியை விட்டு எழாத அக்காவை, எப்பாடு பட்டாவது தினமும் நடக்க வைத்தல். இன்றைக்கும் நிறைவேறியது!"