விடுவித்தவன்

தமயந்தி தன் தையல்கடைக்குள் நுழைந்தபோது, கணவன் குணாளன் அவள் கணினியின் விசைப்பலகையில் இருந்த ஜன்னல் சின்னத்தைப் பிளேடால் சுரண்டிக்கொண்டிருந்தான். திரையில் தெரிந்ததும் அவள் பழகியதாக இல்லை.

“பழைய ஆபரேட்டிங் சிஸ்டத்தை அழிச்சிட்டு வேற போட்டுட்டேன். இனிமே நீ எந்தக் கம்பெனிக்கும் அடிமை இல்ல. இது இலவசம், முழு சுதந்திரம்.”

“எம்பிராய்டரி டிசைன் போடுற சாஃப்ட்வேர் எங்க? சாயங்காலம் கல்யாண ரவிக்கை குடுக்கணும்.”

“அது இதுல ஓடாது. வேற கத்துக்க.”

வேறொன்றை நிறுவப் பார்த்தாள். திரை கடவுச்சொல் கேட்டது.

“பாஸ்வேர்டு சொல்லுங்க.”

“அது எங்கிட்டயே இருக்கட்டும். நீ எதையாவது கெடுத்து வச்சிடுவ.”

அவன் போட்டிருந்தது அவள் தைத்துக் கொடுத்த சட்டை. தமயந்தி அவன் கையிலிருந்து பிளேடை வாங்கி, பித்தான்களை அறுக்கத் தொடங்கினாள், கழுத்திலிருந்து.