ஏழு மணி நாடகம்

மட்டாஞ்சேரி வீட்டில் நிக்காஹ் பேச்சு ஏறக்குறைய முடிந்து, சாயாவும் வந்துவிட்டது. அப்போதுதான் காசிம் ராவுத்தர் அந்த நிபந்தனையை எடுத்தார்.

“இங்கிலீஷ் நாடகம், சினிமான்னு நடிச்சதெல்லாம் போதும். நிக்காஹுக்கு அப்புறம் அது வேண்டாம்.”

“லண்டன் மேடை வரைக்கும் போய் நடிச்சவ நான்,” என்றாள் நஸீமா. “எதுக்கு நிறுத்தணும்?”

“ஜமாஅத்துல நாலு பேரு கேட்பாங்க.”

“டிக்கெட் வாங்கிட்டு வந்து கேட்கச் சொல்லுங்க.”

பக்கத்தில் அஃப்ஸல் போனில் மணி பார்த்துக்கொண்டிருந்தான். கதவோரம் நின்ற ரஃபீனா சிரிப்பை அடக்கிக்கொண்டாள்.

“அப்போ இந்தச் சம்பந்தம் நடக்காது,” என்றார் ராவுத்தர்.

“நடக்க வேண்டாம்.” நஸீமா சாயாவைத் தொடாமலே எழுந்தாள்.

ராவுத்தர் அஃப்ஸல் பக்கம் திரும்பினார். “மாப்பிள்ளை, நீங்களாவது உங்க உம்மாவுக்கு நல்ல புத்தி சொல்லுங்க.”

“சொல்லணும்னுதான் இருந்தேன், மாமா,” என்ற அஃப்ஸல் தன் அம்மா நஸீமாவைப் பார்த்தான். “உம்மா, ஏழு மணிக்கு உங்க நாடகம். இப்பவே லேட்டு.”

கல்யாணப் பெண் ரஃபீனா அதற்குள் வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டிருந்தாள்.

“அத்தா, நானும் மாமிகூடப் போறேன். டிக்கெட் போன வாரமே எடுத்துட்டேன்.”